பத்து மீன் செத்த தொட்டி: அம்பத்தூர் வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

2023 மே மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணிக்கு அக்கா போன் செய்தாள். "தம்பி, மீனெல்லாம் மேலேயே நின்னுக்கிட்டு வாயைத் திறந்து திறந்து மூடுது. நேத்துதான் தொட்டியக் கழுவினாங்க. தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு. எனக்கு ஒண்ணும் புரியல."

நேற்றுக் கழுவினார்கள், தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. எனக்கு அதுவே போதுமாக இருந்தது. சோதனைப் பெட்டியை எடுத்துக்கொண்டு, என் வீட்டு ஃபில்டரில் இருந்த ஸ்பாஞ்சு ஒன்றை ஈரத்தோடு பாலித்தீன் கவரில் போட்டுக் கட்டிக்கொண்டு ஆவடியிலிருந்து கிளம்பினேன்.

பதினைந்து வருடமாக வீட்டில் மீன் வளர்க்கிறேன். தெரிந்தவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "அதிகம் வேலை வைக்காத மீனா ஒண்ணு சொல்லு." முன்பெல்லாம் உடனே இரண்டு மூன்று பெயர்களைச் சொல்லிவிடுவேன். அக்கா வீட்டில் நடந்ததைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்வதில்லை. உங்கள் குழாயில் என்ன தண்ணீர் வருகிறது, வெயில் காலத்தில் தொட்டி எவ்வளவு சூடாகிறது, வீட்டில் யார் எந்த நேரத்தில் இருக்கிறார்கள் என்று முதலில் கேட்கிறேன். ஏன் என்பதற்காகத்தான் இந்தத் தொட்டியின் கதையை முழுதாக எழுதுகிறேன்.

தொட்டி வந்த விதம்

மார்ச் மாதம் மருமகளின் எட்டாவது பிறந்தநாள். மீன் தொட்டி வேண்டும் என்று ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அத்தான் அவளைக் கொளத்தூருக்கு அழைத்துப் போனார். கொளத்தூரைப் பற்றிச் சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெருவின் இரண்டு பக்கமும் மீன் கடைகள், மொத்த வியாபாரம், சில்லறை வியாபாரம், ஆக்ஸிஜன் நிரப்பி ரப்பர் பேண்டு போட்ட கவர்கள். அங்கே ஒரு குழந்தையைக் கூட்டிக்கொண்டு போனால் வெறுங்கையோடு திரும்ப முடியாது.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி ஒன்றை வாங்கினார்கள். சென்டிமீட்டரில் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர் வரும். 60, 30, 30 என்றால் 54 லிட்டர். கூழாங்கல், மேலே விடுகிற இடைவெளி எல்லாம் போக நிற்பது 45 லிட்டர்தான். அந்த 45 லிட்டருக்குள் அன்று மாலையே 14 மீன்கள் இறங்கின: நான்கு கோல்டு ஃபிஷ், ஆறு நியான் டெட்ரா, இரண்டு 'ஷார்க்', இரண்டு சக்கர் மீன். எல்லாமே விரல் நீளம். "இதெல்லாம் ஈசியா வளரும் சார், சக்கர் இருந்தா தொட்டிய அதுவே க்ளீன் பண்ணிடும். மாசத்துக்கு ஒரு தடவை நம்ம பையன் வந்து வாஷ் பண்ணிக் குடுப்பான், 500 ரூபா" என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள்.

நியான்கள் பத்து நாளில் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. ஏப்ரலில் முதல் 'வாஷ்'. அதற்கு அடுத்த வாரம் ஒரு கோல்டு ஃபிஷ். மே கடைசியில் இரண்டாவது வாஷ். மறுநாள் காலையில்தான் எனக்குப் போன் வந்தது.

அன்று காலை பார்த்தது

மூன்று கோல்டு ஃபிஷ்களும் தண்ணீரின் மேல்மட்டத்தில் மூக்கை முட்டிக்கொண்டு நின்றன. ஒன்றின் செவுள் மூடி லேசாகத் திறந்தே இருந்தது. உள்ளே செவுள் இருக்க வேண்டிய ரத்தச் சிவப்பில் இல்லை, வெந்த இறைச்சி போலப் பழுப்பேறியிருந்தது. ஒரு ஷார்க் அடியில் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. பால்கனிச் சுவரில் ஃபில்டரின் ஸ்பாஞ்சு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. சோப்புத் தூள் போட்டு அலசியது. பார்க்கப் பஞ்சு போல வெள்ளையாக இருந்தது. கூழாங்கற்களையும் குழாயடியில் தேய்த்துக் கழுவியிருந்தார்கள். ஏர் பம்ப் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, அதுவும் ராத்திரி கரண்ட் போனபோது இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறது.

அளந்து பார்த்தேன். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் சமையலறையில் இருந்தது, 1,100 காட்டியது. போர்த் தண்ணீர். அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். 8, ஏழுக்கு மேல் போனால் காரம். காலை எட்டு மணிக்கே தண்ணீரின் வெப்பம் 30 டிகிரி. அம்மோனியா சோதனைக்குச் சின்னக் குப்பியில் தண்ணீர் எடுத்துச் சொட்டு மருந்து விட்டு ஐந்து நிமிடம் வைத்தேன். மஞ்சளாகவே நின்றால் அம்மோனியா இல்லை. பச்சை ஏற ஏறக் கேடு. மருமகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தவள், "மாமா, இலை கலர் ஆயிடுச்சு" என்றாள்.

அத்தானுக்கு நம்ப முடியவில்லை. "நேத்து மாத்தின தண்ணி. இவ்ளோ சுத்தமா இருக்கு. எப்படிடா?"

மீன் தன் கழிவை அம்மோனியாவாகப் பெரும்பாலும் செவுள் வழியே வெளியே விடுகிறது. தொட்டி ஓடத் தொடங்கிய கொஞ்ச காலத்தில் அதற்குள் ஒருவகை பாக்டீரியா குடியேறி அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. நைட்ரேட்டை மீன் ஓரளவு வரை தாங்கும், வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போய்விடும். இந்த பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதந்து திரிவதில்லை. ஸ்பாஞ்சிலும் கூழாங்கல்லிலும் கண்ணாடியிலும் ஒட்டி வாழ்கின்றன. ஸ்பாஞ்சில் பிடித்திருக்கும் அந்தப் பழுப்பு வழவழப்பு அழுக்கு இல்லை. தொட்டியின் உயிரே அதில்தான் இருக்கிறது. அதைச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காய வைத்தால், அடுத்த நாள் அந்தத் தொட்டி மீன் வாங்கிய முதல் நாளுக்குத் திரும்பிப் போகிறது. மீன்கள் மட்டும் முதல் நாளைவிடப் பெரிதாக இருக்கின்றன.

இன்னொன்றும் உண்டு, நம் ஊருக்கு இது ரொம்ப முக்கியம். அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவத்தில் இருக்கும். ஒன்று அவ்வளவாகக் கெடுதல் செய்யாது, மற்றது செவுளை எரிக்கும். எது எவ்வளவு என்பதை பி.எச்.சும் வெப்பமும் தீர்மானிக்கின்றன. பி.எச். 7, வெப்பம் 25 டிகிரி என்றால் மொத்த அம்மோனியாவில் எரிக்கிற பங்கு நூற்றில் ஒன்றுகூட இல்லை. பி.எச். 8, வெப்பம் 30 என்றால் அதுவே ஏழரை சதவீதம். பத்து மடங்குக்கும் மேல். குளிர்ந்த ஊரில், உப்பு குறைந்த மென்மையான தண்ணீரில் மீன் சமாளித்துவிடுகிற அதே தவறு அம்பத்தூர் போர்த் தண்ணீரில், மே மாத வெயிலில் ஒரே ராத்திரியில் கொல்லும். வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து மீன் வாங்குகிறவர்களிடம் நான் கெஞ்சிச் சொல்வது இதைத்தான்.

கூடவே மூச்சுப் பிரச்சினையும் சேர்ந்துகொண்டது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் பிடிக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். பூமிக்குள்ளிருந்து மோட்டார் போட்டு அப்போதே ஏற்றிய தண்ணீரில் பெரும்பாலும் அதுவும் இருக்காது.

அன்று செய்தது இவ்வளவுதான். தீனியை நிறுத்தினேன். குளியலறை டிரம்மில் இரண்டு நாளாக நின்றிருந்த தண்ணீரை எடுத்து மூன்றில் ஒரு பங்கு மாற்றினேன். நான் கொண்டு போன ஸ்பாஞ்சைத் தொட்டிக்குள்ளேயே நன்றாகப் பிழிந்துவிட்டு ஃபில்டருக்குள் வைத்தேன். தொட்டி காபித் தண்ணீர் போலக் கலங்கியது. அக்கா முகம் சுளித்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அப்படியும் மதியத்துக்குள் செவுள் கெட்ட கோல்டு ஃபிஷ்ஷும் சாய்ந்து கிடந்த ஷார்க்கும் போய்விட்டன. மறுநாள் ஒரு சக்கர். ஆக மூன்று மாதத்தில் பத்து. மிஞ்சியது இரண்டு கோல்டு ஃபிஷ், ஒரு ஷார்க், ஒரு சக்கர்.

மிஞ்சிய நான்கு

அந்த நான்கையும் அந்தத் தொட்டியிலேயே காப்பாற்றி வைத்திருக்க முடியாதா என்று மருமகள் கேட்டாள். முடியாது என்று அவளுக்குப் புரிய வைப்பதுதான் இந்த முழு வேலையிலும் கஷ்டமான பகுதி.

கோல்டு ஃபிஷ் குளிர்ந்த தண்ணீர் மீன். 18 முதல் 24 டிகிரி வரை அதற்கு நிம்மதி. நன்றாகத் தின்னும், தின்றதற்கு ஏற்பக் கழிவு விடும், ஒரு சாண் அளவுக்கு வளரும், ஒழுங்காக வைத்தால் பத்து வருடத்துக்கு மேல் வாழும். குண்டு உடம்புக்காரக் கோல்டு ஃபிஷ் ஒன்றுக்கே 75 லிட்டர் வேண்டும் என்பது அனுபவஸ்தர்கள் சொல்லும் கணக்கு. இருந்தும் "ஈசியா வளரும்" பட்டியலில் முதலில் சொல்லப்படுவது அதுதான். கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு விற்பதைப் பார்க்கும்போதெல்லாம் மனது கனத்துப் போகிறது.

'ஷார்க்' என்று விற்கப்படுவது சுறா இல்லை. மீகாங் ஆற்றுக் கெளுத்தி. ஒரு மீட்டருக்கு மேல் வளரும். ஹோட்டலில் 'பாசா' என்று தட்டில் வருகிறதே, பெரும்பாலும் அதே இனம்தான். உணவுக்காக ஏக்கர் கணக்கில் குளம் வெட்டி வளர்க்கிற மீனை ஓரடி அகலத் தொட்டிக்குத் தருகிறார்கள்.

சக்கர் மீன் தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. குட்டியாக இருக்கும்போது கண்ணாடியில் ஒட்டிப் பாசியைச் சுரண்டும், உண்மைதான். ஆனால் அது தொட்டியைச் சுத்தம் செய்வதில்லை. தின்பதையெல்லாம் நீள நீளமாகக் கழித்துவிட்டுப் போகும். ஒன்றரை அடி வரை வளரும்.

"அப்ப இது ரெண்டையும் நம்ம ஏரியில விட்டுட்டா என்ன? பொழச்சுக்கும்ல" என்றார் அத்தான். நல்ல மனதோடுதான் சொன்னார். நிறையப் பேர் அப்படி நினைத்துத்தான் விடுகிறார்கள். விட்டால் பிழைத்துக்கொள்ளும், அதுதான் ஆபத்து. சக்கர் மீனுக்கு உடம்பு முழுக்கக் கவசம் போன்ற தோல், முள்ளு முள்ளாகத் துடுப்பு. நம் ஏரிப் பறவைகளுக்கும் விராலுக்கும் அதை விழுங்குவது லேசில்லை. காற்றையே குடித்துச் சாக்கடைத் தண்ணீரிலும் உயிரோடு இருக்கும். கரையில் குடைந்து வளை தோண்டி முட்டையிடும். தமிழ்நாட்டு ஏரிகளில் மீன் பிடிக்கிறவர்களைக் கேட்டால் தெரியும்: வலையில் விழுவதெல்லாம் இதுவாக இருக்கிறது, விற்கவும் முடியாது, வலையும் கிழிகிறது. ஒரு வீட்டுத் தொட்டியில் இடம் போதவில்லை என்பதற்காக ஒரு ஏரியையும் அதை நம்பிப் பிழைப்பவர்களையும் கெடுக்கக் கூடாது. அத்தான் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கோல்டு ஃபிஷ் இரண்டும் என் வீட்டுப் பின்புறம் வேப்ப மர நிழலில் இருக்கும் சிமெண்ட் தொட்டிக்கு வந்தன. 600 லிட்டர் பிடிக்கும், வெயில் காலத்திலும் அந்தத் தண்ணீர் ஓரளவு தணிந்தே இருக்கும். ஷார்க்கையும் சக்கரையும் பெரிய தொட்டிகள் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் வாங்கிக்கொண்டார். எல்லோருக்கும் இப்படி நண்பர்கள் கிடைக்க மாட்டார்கள். வாங்கும் முன்பே "இது பெரிதானால் எங்கே வைப்பேன்" என்று யோசிப்பது அதனால்தான் அவசியம்.

மீன் இல்லாத மீன் தொட்டி

ஜூன் மாதம் முழுக்கத் தொட்டியில் மீன் இல்லை. தண்ணீர் இருந்தது, ஃபில்டர் ஓடியது, தினமும் ஒரு சிட்டிகை தீனியை மருமகள் போட்டாள். தீனி அழுகி அம்மோனியா வரும், அந்த அம்மோனியாவை வைத்து பாக்டீரியா பெருகும். என் ஸ்பாஞ்சிலிருந்து பிழிந்ததுதான் உறைமோர். தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரி என்று அம்மாவிடம் சொன்னதும் அவர் உடனே புரிந்துகொண்டார். "அப்ப அவன் வந்து வாஷ் பண்றேன்னு பானையைச் சுரண்டிக் கழுவிட்டுப் போயிருக்கான்" என்றார். இதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது.

மருமகளுக்கு வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கப் பொறுமை இல்லை. பேப்பரில் மீன் வரைந்து வெட்டிக் கண்ணாடியில் ஒட்டினாள். ஒவ்வொரு ஞாயிறும் நானும் அவளும் குப்பியில் சொட்டு விட்டுப் பார்த்தோம். முதல் வாரம் இலைப் பச்சை. இரண்டாம் வாரம் அம்மோனியா குறைந்து நைட்ரைட் ஏறியது. நான்காம் ஞாயிறு இரண்டுமே இல்லை, நைட்ரேட் மட்டும் இருந்தது. உறை ஊற்றாமல் வெறும் தொட்டியைத் தொடங்கினால் இதற்கு ஆறு வாரம்கூட ஆகும்.

அந்த மாதத்தில்தான் வேலம்பாசி என்கிற நீர்ச்செடி கொஞ்சம் கொண்டு வந்து போட்டோம். மாடியில் இருந்த மணி பிளான்ட்டிலிருந்து நான்கு கிளை வெட்டி, வேர் தண்ணீருக்குள்ளும் இலை வெளியேயும் இருக்கும்படி தொட்டியின் பின் விளிம்பில் செருகினோம். நைட்ரேட்டை உறிஞ்சுவதில் மணி பிளான்ட்டை மிஞ்ச ஆள் இல்லை. செலவும் இல்லை. விளக்குக்கு ஒரு டைமர் போட்டு ஆறு மணி நேரத்தோடு நிறுத்தினோம். பாசி தலைகாட்டாமல் இருப்பதற்கு அது சக்கர் மீனைவிட நல்ல வழி.

யார் வீட்டில் இருக்கிறார்கள்

குறைந்த பராமரிப்பு என்றால் யாருக்குக் குறைவு? அக்கா வங்கியில் வேலை பார்க்கிறாள், வீடு திரும்ப ஏழு மணி. அத்தான் தொழிற்பேட்டையில் ஷிப்ட். அம்மாவுக்கு முழங்கால் வலி, பக்கெட் தூக்க முடியாது. வாரத்துக்கு அரை மணி நேரம், ஞாயிறு காலை, அவ்வளவுதான் அந்த வீட்டால் முடியும். ஆனால் அந்த வீட்டிலும் ஒரு பலம் உண்டு. அம்மா நாள் முழுக்க ஹாலில்தான் உட்கார்ந்திருக்கிறார். தொட்டியைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு மீன் மூலையில் ஒதுங்கினால் முதலில் அவருக்குத்தான் தெரியும்.

ஒரே ஒரு சிக்கல், அவர் கை சும்மா இருக்காது. "பாவம், வாயைத் திறக்குது, பசிக்குது போல" என்று நாளைக்கு நான்கு தடவை தீனி போட்டுக்கொண்டிருந்தார். திட்டிப் பயனில்லை. அவரிடம் பழைய மாத்திரை டப்பா ஒன்று இருந்தது, திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு அறை. அதில் ஒவ்வொரு அறையிலும் அன்றன்றைக்கான தீனியை மருமகள் ஞாயிறன்று நிரப்பி வைப்பாள். இரண்டு நிமிடத்தில் மீன் தின்று முடிக்கிற அளவு, ஒரு சிட்டிகைக்குக் கொஞ்சம் மேல். அறை காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான். வாரத்தில் ஒரு நாள் பட்டினி போட்டால் மீனுக்கு நல்லது என்றேன். அம்மா வெள்ளிக்கிழமை விரதம் இருப்பவர். "வெள்ளிக்கிழமை அதுகளுக்கும் விரதம்" என்று அந்த அறையை அவரே காலியாக விடச் சொன்னார். இன்றுவரை அது மாறவில்லை.

எந்த மீன்

சரி, தண்ணீர் கடினம், பி.எச். 8, கோடையில் 31 டிகிரி, அவ்வப்போது கரண்ட் போகும், 45 லிட்டர், வாரம் அரை மணி நேரம். இதற்கு ஏற்ற மீன் எது என்று நானும் மருமகளும் ஒரு நோட்டில் எழுதினோம்.

நியான் டெட்ரா முதலிலேயே அடிபட்டது. அமேசான் காட்டு ஓடைகளில், இலை ஊறிய மென்மையான அமிலத் தண்ணீரில் வாழும் மீன். போர்த் தண்ணீர் அதற்கு உப்பளம் மாதிரி. அழகான மீன்தான், ஆர்.ஓ. தண்ணீர் கலந்து வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். அது வேலை கூடிய வழி.

ஃபைட்டர் உண்மையிலேயே தாக்குப்பிடிக்கிற மீன். தாய்லாந்து வயல் தண்ணீரிலிருந்து வந்தது. செவுளோடு தனியாக ஒரு மூச்சு உறுப்பும் இருப்பதால் மேலே வந்து காற்றைக் குடிக்கும், கரண்ட் போனாலும் கவலையில்லை. ஆனால் ஆண் ஒன்றுதான், தனியாகத்தான். மருமகளுக்குக் கூட்டமாக ஓடுகிற மீன் வேண்டும்.

கப்பி, மோலி, பிளாட்டி மூன்றுக்கும் கடினத் தண்ணீர் பிடிக்கும். மோலி உப்புக் கலந்த தண்ணீரிலும் இருக்கும், ஆனால் 45 லிட்டருக்குக் கொஞ்சம் பெரிது. கப்பியில் ஒரு எச்சரிக்கை. சாக்கடையிலும் பிழைக்கும் என்று பெயர் வாங்கியது நாட்டுக் கப்பி. கடையில் பெரிய வாலோடு பளபளக்கும் கப்பிகள் அழகுக்காக உறவுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக இனம் சேர்க்கப்பட்டவை, அவற்றில் பல ஒரு வாரம்கூடத் தாங்குவதில்லை.

இந்த மூன்றும் குட்டி போடும் மீன்கள். மாதத்துக்கு ஒருமுறை குட்டி. ஆண் கூடவே இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, ஒருமுறை சேர்ந்தால் பெண் மீன் உயிரணுவைச் சேமித்து வைத்துப் பல மாதம் குட்டி போடும். அதனால் ஆண்களை மட்டும் வாங்குவது என்று முடிவு செய்தோம். அடையாளம் சுலபம். வயிற்றுக்குக் கீழே பின்பக்கமாக இருக்கும் துடுப்பு விசிறி போல விரிந்தால் பெண், குச்சி போல உடம்போடு ஒட்டியிருந்தால் ஆண்.

எனக்கு மிகவும் பிடித்த தேர்வு ஸீப்ரா டேனியோ. இது நம் நாட்டு மீன். கங்கை, பிரம்மபுத்திரா வெளிகளில், வயல் வாய்க்காலில், ஓடையில் வாழ்வது. டேனியோ என்ற பெயரே வயலைக் குறிக்கும் வங்காளச் சொல்லிலிருந்து வந்தது. 1822-இல் பிரான்சிஸ் ஹாமில்டன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் கங்கை மீன்களைப் பற்றி எழுதியபோது இதையும் விவரித்தார். உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் ஆயிரக்கணக்கில் வளர்க்கப்படுவதும் இதே மீன்தான். அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் உயிரியல் ஆய்வாளர் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் இதைத் தேர்ந்தெடுத்தபிறகு அந்த வழக்கம் பரவியது. எளிதில் சாகாது, வேகமாகப் பெருகும், இடம் அதிகம் கேட்காது. குளிரும் தாங்கும், நம் வெயிலும் தாங்கும். இரண்டு அங்குலத்துக்கு மேல் வளராது. ஆறுக்குக் குறையாமல் சேர்த்து விட வேண்டும், குறைந்தால் ஒன்றையொன்று துரத்தும். துள்ளும், அதனால் மூடி கட்டாயம்.

ஜூலை முதல் வாரம் ஆறு டேனியோ. கொளத்தூர் போனபோது கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: "எந்தத் தண்ணியில வச்சிருக்கீங்க?" போர்த் தண்ணீர் என்றார். உள்ளூர்ப் பண்ணைகளில் பிறந்து, உள்ளூர்த் தண்ணீரிலேயே வளர்ந்த மீன். அதற்கு நம் வீட்டுத் தண்ணீர் புதிதல்ல. இதைக் கேட்காமல் நான் இப்போது எங்கும் மீன் வாங்குவதில்லை.

ஆகஸ்டில், ஆறு வாரம் எந்தச் சோதனையிலும் பச்சை தெரியாத பிறகு, ஐந்து பிளாட்டி. நீளமான வால் உள்ள மீனை வேண்டாம் என்றது டேனியோவுக்காக. அது சும்மா போகிறபோதே வாலைக் கொத்திப் பார்க்கும்.

அதன் பிறகு பதினான்கு மாதம்

வாராவாரம் ஞாயிறு காலை, முந்தின இரவே பிடித்து வைத்த ஒரு பக்கெட் தண்ணீர், ஏறக்குறைய 12 லிட்டர், பழையதை எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றுவது. அத்தான் தூக்குவார், மருமகள் குழாயைப் பிடிப்பாள். ஸ்பாஞ்சை மாதம் ஒருமுறை, எடுத்த பழைய தண்ணீரிலேயே இரண்டு தடவை பிழிந்து திரும்ப வைப்பது. சோப்பு இல்லை, குழாயடி இல்லை. 500 ரூபாய் வாஷும் இல்லை. இருபத்தைந்து நிமிடத்தில் முடிகிறது.

எல்லாம் நேராகப் போகவில்லை. பிளாட்டி ஐந்தில் ஒன்று பெண்ணாகப் போய்விட்டது. வாங்கிய நாளில் அது இன்னும் பருவத்துக்கு வராத குட்டி, கடைத் தொட்டியின் மங்கிய வெளிச்சத்தில் துடுப்பு சரியாகத் தெரியவில்லை. நவம்பரில் குட்டி போட்டது. டேனியோக்கள் பெரும்பாலானதைத் தின்றுவிட்டன, மூன்று மட்டும் வேலம்பாசிக்குள் ஒளிந்து பிழைத்தன. மருமகள் அழுதாள், பிறகு அந்த மூன்றுக்கும் பெயர் வைத்தாள். தாயை என் வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன்.

2024 மே மாதம் போர் வற்றி, குடியிருப்புக்கு லாரித் தண்ணீர் வந்தது. அக்கா வழக்கம்போல ராத்திரி பிடித்து வைத்து ஞாயிறு ஊற்றினாள். திங்கட்கிழமை காலை ஒரு டேனியோ செத்துக் கிடந்தது, மற்றவை அடியில் ஒடுங்கியிருந்தன. அம்மாதான் முதலில் பார்த்தார். குளோரின் நாற்றம் மூடி போட்ட பக்கெட்டில் அப்படியே இருந்தது. மூடியைத் திறந்து வைத்து, ஏர் பம்ப் ஓட விட்டிருந்தால் பெரும்பாலும் போயிருக்கும். அவசரத்துக்கு, குளோரினை முறிக்கும் உப்பான ஹைப்போவில் கற்கண்டு போன்ற துண்டுகள் நான்கைந்தைக் கரைத்து விட்டோம். மதியத்துக்குள் எல்லாம் நிமிர்ந்துவிட்டன. தின்னப்பட்ட அந்தக் குட்டிகளையும் இந்த ஒரு டேனியோவையும் தவிர இந்தப் பதினான்கு மாதத்தில் வேறு சாவு இல்லை. மே மாதத்தில் தண்ணீர் 32 டிகிரி தொட்ட நாட்களில் மூடியைச் சற்றே தூக்கி வலை போட்டு, ஒரு சின்ன டேபிள் ஃபேனைத் தண்ணீர் மேல் காற்றுப் படும்படி வைத்தோம். இரண்டு மூன்று டிகிரி இறங்கியது. கரண்ட் போகும் நேரத்துக்குப் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வாங்கி வைத்திருக்கிறார்கள், அதை இயக்குவது அம்மாவின் பொறுப்பு.

அதற்கு முந்தின டிசம்பரில் எல்லோரும் எட்டு நாள் திருநெல்வேலி போனார்கள். தீனி போட ஆள் ஏற்பாடு செய்யட்டுமா என்று அக்கா கேட்டாள். வேண்டாம் என்றேன். நல்ல ஆரோக்கியமான வளர்ந்த மீன் ஒரு வாரம் பட்டினி தாங்கும். பக்கத்து வீட்டுக்காரர் அன்பாக அள்ளிப் போடுவதுதான் பயம். திரும்பி வந்தபோது எல்லாம் இருந்தன, வேலம்பாசியைக் கொஞ்சம் கடித்திருந்தன.

இப்போது அவர்கள் தெருவுக்கு மெட்ரோ தண்ணீர், அதாவது சென்னைக் குடிநீர் வாரியத்தின் குழாய்த் தண்ணீர் இணைப்பு வரப்போகிறது. டி.டி.எஸ். பாதியாகக் குறையும், குளோரினும் இருக்கும். மீனுக்கு நல்ல தண்ணீர் என்றாலும் ஒரே நாளில் மாற்றினால் அதுவே அடி. முதல் இரண்டு வாரம் பக்கெட்டில் கால் பங்கு மெட்ரோ, முக்கால் பங்கு போர். அடுத்த இரண்டு வாரம் பாதிப் பாதி. அதற்கடுத்து முக்கால் என்று கணக்குப் போட்டிருக்கிறோம். அக்கா ஹைப்போவைச் சின்ன ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுத் தொட்டிக்குப் பக்கத்து அலமாரியில் வைத்திருக்கிறாள். சர்க்கரை என்று யாரும் எடுத்துவிடாமல் இருக்க, மருமகள் அதன் மேல் சிவப்பு ஸ்கெட்ச்சில் "மீன் மருந்து, ஆச்சி தொடக் கூடாது" என்று எழுதி ஒட்டியிருக்கிறாள்.